நாற்பது வருட ஃபியூஸ் பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி | அக்டோபர் 4

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பட்டணத்தைத் தாண்டி, அப்பா தோட்டத்துப் பணிக்கொடையில் கட்டிய வீடு எங்களுடையது. பாதி கல், பாதி பலகை. வாசல் கதவுக்கு மேலே பலகையில் பீங்கான் ஃபியூஸ்கள் வரிசையாக இருக்கின்றன. நாற்பது வருடமாக ஒரு குறையும் இல்லை. ஃபியூஸ் போனால் கம்பி கட்டினால் விளக்கு எரிந்துவிடும். பக்கத்து வீட்டில் போன வருடம் புதுப் பெட்டி போட்டார்கள். இடி இடித்தால் போதும், அதன் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் ஃபிரிஜ்ஜில் மீன் அழுகிக் கிடக்கிறது. நல்லபடியாக வேலை செய்கிற பெட்டியை எதற்கு மாற்ற வேண்டும்? ஃபியூஸே மேல் என்பது என் எண்ணம்.

பதில் | அக்டோபர் 4, இரவு

தம்பி, நாற்பது வருடம் குறை இல்லை என்பதற்குப் பெட்டி நல்ல பெட்டி என்று பொருள் இல்லை. அந்த நாற்பது வருடத்தில் யாரும் பழுதான வாஷிங் மெஷினை ஈரக் கையோடு தொடவில்லை என்றுதான் பொருள்.

ஃபியூஸ் கம்பியைக் காப்பதற்கு வந்தது, ஆளைக் காப்பதற்கு அல்ல. சுவருக்குள் ஓடும் வயர் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க, அதற்கு முன்பே ஒரு மெல்லிய கம்பி உருகித் தொடர்பை அறுக்கிறது. அதன் வேலை அத்துடன் முடிந்தது. ஒரு மனிதன் உடம்பு வழியாக 230 வோல்ட் பாய்ந்தால் ஓடுவது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். 30 மில்லிஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. உங்கள் பெட்டியில் இருக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் 5 ஆம்பியர், அதாவது 30 மில்லிஆம்பியரைப் போல நூற்றறுபது மடங்குக்கு மேல். ஆள் செத்து விழுந்த பிறகும் ஃபியூஸ் குளிர்ந்தே இருக்கும்.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்பலகைகளுக்குப் பொறுப்பாளாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆலையில் ஆயிரம் ஆம்பியர் ஓடும் பலகைக்கு எவ்வளவு பாதுகாப்பு வைத்தோமோ, அதில் நூற்றில் ஒரு பங்குகூட எங்கள் தோட்டத்து வீடுகளில் இருந்ததில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

அக்டோபர் 5

நேற்று எழுதியதில், ஃபியூஸ் வயரையாவது காக்கும் என்று சொன்னேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதில் சரியான கம்பி இருக்க வேண்டும்.

5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். 15 ஆம்பியருக்கு 0.5. 30 ஆம்பியருக்கு 0.85. இந்த வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? பழைய வயர்த் துண்டின் தோலை உரித்து ஒரு பிரியை எடுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்து வயர் ஏழு பிரி, ஒவ்வொன்றும் 0.029 அங்குலம், அதாவது 0.74 மில்லிமீட்டர். விளக்குக்கான 5 ஆம்பியர் ஃபியூஸில் அதைக் கட்டினால், கிட்டத்தட்ட 25 ஆம்பியர் ஃபியூஸ் போட்டது மாதிரி. விளக்கு வயர் எரிந்து முடிந்தாலும் அது அசையாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஆணியே இருந்தது.

சரியான கம்பி கட்டியிருந்தாலும், இந்த வகை ஃபியூஸ் அதன் மேல் எழுதியிருக்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடினால்தான் சீக்கிரம் உருகும். 15 ஆம்பியர் ஃபியூஸில் 25 ஆம்பியர் வெகு நேரம் ஓடலாம். வயர் அத்தனை நேரமும் சுவருக்குள் வேகும். புதுப் பெட்டியில் ஃபியூஸுக்குப் பதிலாக வரும் எம்.சி.பி. என்ற தானாக விழும் சுவிட்ச் அப்படி இல்லை. எழுதிய அளவைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, இரண்டு மடங்கு என்று காத்திருக்காது. ஒன்றரை மடங்குக்குள்ளேயே, ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். ஷார்ட் என்றால் கண் இமைப்பதற்குள். யாரும் அதற்குள் ஆணியைச் செருகவும் முடியாது.

தம்பி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு ஃபியூஸை உருவி எடுத்து, உள்ளே இருக்கும் கம்பி எவ்வளவு தடிமன் என்று பார்த்துச் சொல்லுங்கள். மெயின் அணைந்திருந்தாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் மின்சாரம் இருக்கும். அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம்.

அக்டோபர் 5, மாலை

படம் வந்தது. நான்கு ஃபியூஸில் மூன்றில் வயர்ப் பிரி. நான் எதிர்பார்த்ததுதான்.

அக்டோபர் 8

இப்போது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வழி. எல்லாவற்றையும்விட இதைத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது மின்சாரம் வரும் லைவ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்ற இரண்டு வயர்தான். மின்சாரம் கொடுக்கும் நிறுவனமான தெனாகா உங்களுக்கு எர்த் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர்தான் மண்ணில் செம்பு பூசிய கம்பி அடித்து, அங்கிருந்து பச்சை வயர் கொண்டுவர வேண்டும். ஆகவே உங்கள் எர்த் எவ்வளவு நல்லது என்பது உங்கள் மண்ணையும், அந்தக் கம்பியையும், இரண்டையும் இணைக்கும் கவ்வியையும் பொறுத்தது.

கணக்கு எளிது. எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன வாஷிங் மெஷினின் தகரத்தில் லைவ் பட்டுவிட்டது. 230ஐ 20ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். உங்கள் 15 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். உருகாது. இன்று உருகாது, நாளையும் உருகாது. இரண்டாயிரத்து அறுநூறு வாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், மெஷினின் தகரம் முழு வீச்சில் மின்சாரத்தோடு உங்கள் அம்மாவுக்காகக் காத்திருக்கும். மண் காய்ந்தால் 20 ஓம் 60 ஆகும், 100 ஆகும். அப்போது 5 ஆம்பியர் ஃபியூஸும் உருகாது.

இதற்குத்தான் புதுப் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுச் சுவிட்ச். லைவில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் கசிந்தால், அது மண்ணுக்குப் போகட்டும், உங்கள் உடம்புக்குப் போகட்டும், பத்தில் மூன்று பங்கு வினாடிக்குள் இரண்டையும் அறுத்துவிடும். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. எர்த் 100 ஓமாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. 100 ஓமில் 30 மில்லிஆம்பியர் ஓடினால் தகரத்தில் ஏறுவது வெறும் 3 வோல்ட்.

என் அக்கா வீட்டுச் சம்பவத்தைச் சொல்கிறேன். குளியலறைக் குழாயைத் திறந்தால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் நரம்பு அப்படித்தான் என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். நான் போய், சமையலறைக்குப் பின்னால் பலா மரத்தடியில் எர்த் கம்பியைத் தேடினேன். மண்ணைக் கிளறினால் கம்பி இருக்கிறது, கவ்வி இருக்கிறது, பச்சை வயர் மட்டும் கவ்வியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பச்சைப் பொடியாகக் கிடக்கிறது. வாட்டர் ஹீட்டரிலிருந்து கசிந்தது அத்தனையும் போக வழியில்லாமல் குழாயில் நின்றிருக்கிறது. ஃபியூஸ் பெட்டி அப்படியே புத்தம் புதிதாக இருந்தது. அக்காவின் விரல்தான் அந்த வீட்டின் ஒரே கருவியாக இருந்திருக்கிறது. அன்றே ஹீட்டரைக் கழற்றிவிட்டேன்.

குழாயிலோ ஃபிரிஜ்ஜிலோ எறும்பு ஊர்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து சமாதானம் சொல்லாதீர்கள்.

அக்டோபர் 9

பக்கத்து வீட்டு மீனுக்கு வருகிறேன்.

முதலில், வீடு முழுவதற்கும் ஒரே ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போதும் என்று இங்கே எழுதத்தான் இருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த மீன் அழுகியதற்கே காரணம் அதுவாக இருக்கலாம். ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் கசியும். ஃபிரிஜ், கணினி, வாட்டர் ஹீட்டர், ஏர்கண்டிஷன் எல்லாம் சேர்ந்தால், பழுது இல்லாமலே பத்து, பதினைந்து மில்லிஆம்பியர் வந்துவிடும். அதன் மேல் ஒரு மின்னல் அலை வந்தால் விழாமல் என்ன செய்யும்? பேராக்கில் மாலை இடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பிரித்துப் போடச் சொல்லுங்கள். பிளக் புள்ளிகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10. விளக்கு, விசிறி முதலியவற்றுக்கு 100. இதில் மனம்போன போக்கு எதுவும் இல்லை. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இந்த வரிசையில்தான் போகின்றன. கையில் பிடிக்கும் கருவிக்கு 30, ஈரத் தரைக்கு 10, மற்றதற்கு 100. பிளக் புள்ளிகளையும் இரண்டாகப் பிரித்து ஃபிரிஜ்ஜுக்குத் தனி ஆர்.சி.சி.பி. கொடுத்தால், வேறு எது விழுந்தாலும் மீன் பிழைக்கும். கூடவே மின்னல் அலையை மண்ணுக்குத் தள்ளும் ஒரு தடுப்பானும் வைக்கலாம். எர்த் நன்றாக இருந்தால்தான் அதற்கும் வேலை.

விழுந்தால் எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி: எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தில் பட்டிருக்கலாம். எம்.சி.பி. லைவை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரலை அறுக்காது. எல்லா பிளக்கையும் உருவிவிட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். விழுகிறதே என்று அதைத் தாண்டி வயரை நேராக இணைக்கும் ஆட்கள் உண்டு. அப்படி ஒருவர் வந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அக்டோபர் 9, இரவு

பெட்டிக்குள் பல்லி போவதைத் தடுக்க என்ன செய்வது என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். வயர் நுழையும் ஓட்டைகளை அடைப்பானால் மூடச் சொல்லுங்கள். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று நாள்காட்டியில் பார்ப்போம். பெட்டிக்குள் விழுந்தால் நாள்காட்டி தேவையில்லை, வீடே இருண்டுவிடும்.

அக்டோபர் 11

இவ்வளவு ஆபத்து என்றால் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

அந்தக் காலத்தில் மின்சாரமே கொஞ்ச நேரம்தான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஜெனரேட்டர் பொழுது சாய்ந்தால் ஓடும், இரவு உறங்கும் நேரத்தில் நிற்கும். விளக்கு மங்கி மங்கி அணைவதைப் பார்த்துத்தான் பாயை விரிப்போம். வீட்டுக்கு இரண்டு விளக்கு. பிளக் கிடையாது. தொடுவதற்கு இரும்பு ஏது? நிலக்கரி இஸ்திரிப் பெட்டி, விறகு அடுப்பு, கிணற்று நீர். பட்டணத்துக்கு வந்த பிறகுதான் வானொலிப் பெட்டி, ஃபிரிஜ், கெட்டில் எல்லாம் வந்தன. அப்போது மின்வாரியம் எல்.எல்.என்.; 1990இல்தான் தெனாகா நேஷனல் ஆனது. என் அம்மா இன்னமும் எல்.எல்.என். பில் கட்டியாயிற்றா என்றுதான் கேட்பார்.

உங்கள் அப்பா வீடு கட்டியபோது நான்கு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று கணக்குப் போட்டுப் பெட்டி வைத்தார். அந்தக் கணக்குக்கு அது சரி. அதே பெட்டியின் தலையில் இப்போது இரண்டு ஏர்கண்டிஷன், வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், இரண்டாயிரம் வாட் கெட்டில். அப்பா செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் இன்று கட்டியிருந்தால் வேறு பெட்டிதான் வைத்திருப்பார்.

அக்டோபர் 15

யாரைக் கூப்பிடுவது?

எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின்வேலைக் குத்தகையாளர், அவரிடம் உரிமம் உள்ள வயர்மேன். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அவரே வேண்டாம். நானே இத்தனை வருடம் சார்ஜ்மேன், ஆனாலும் என் வீட்டுப் பெட்டிக்கு உரிமம் உள்ள வயர்மேனைத்தான் வைத்தேன். வேலை முடிந்ததும் ஜி படிவம், எச் படிவம் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது, வேலையை இன்னார் மேற்பார்த்து முடித்தார் என்பதற்கு. இரண்டாவது, இன்னின்ன சோதனை செய்தார் என்பதற்கு. படிவம் எதற்கு, வேலைதானே முக்கியம் என்பவர்கள் பெரும்பாலும் சோதனையைச் செய்யாதவர்கள்.

மீட்டரிலும் அதற்குப் பக்கத்திலிருக்கும் பெரிய ஃபியூஸிலும் தெனாகாவின் முத்திரை இருக்கும். அது உங்கள் சொத்து அல்ல, வயர்மேனின் சொத்தும் அல்ல. அதைத் திறக்க வேண்டிய வேலை என்றால் தெனாகாவிடம் முறைப்படி சொல்லித்தான்.

விலை கேட்டிருந்தீர்கள். பெட்டியை மட்டும் மாற்றுவது ஒரு தொகை. உள்ளே வயரும் போய்விட்டது என்று தெரிந்தால் அது பல மடங்காகும். அதனால்தான் பெட்டி வாங்குவதற்கு முன் வயரைச் சோதிக்கச் சொல்கிறேன். 500 வோல்ட் கருவியால் வயர்களுக்கு இடையிலும், வயருக்கும் எர்த்துக்கும் இடையிலும் தோலின் தடையை அளப்பார்கள். ஒரு மெகாஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்கு, கீழே வந்தால் அந்த வயரில் புதுப் பெட்டியை மாட்டுவது வீண். ஆர்.சி.சி.பி. நாள் முழுதும் விழும், பழி பெட்டி மேல் போகும். பக்கத்து வீட்டில் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

அக்டோபர் 16

வாசல் பக்கம் மீன் நாற்றம் வருகிறது, சமையலறை பின்னால் இருக்கிறது என்று எழுதிய அக்காவுக்கு: மெயினை உடனே அணையுங்கள். பெட்டியிலுள்ள பேக்கலைட், அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக், சூடேறிக் கருகினால் அப்படித்தான் மீன் நாற்றம் அடிக்கும். பூனையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திருகு தளர்ந்து பொறி பறக்கிறது. வயர்மேன் வரும்வரை அந்தப் பெட்டி வேண்டாம்.

அக்டோபர் 24

தம்பி வீட்டில் சோதனை முடிந்துவிட்டது. முடிவைப் பகிர்ந்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன், பலர் மறைத்துவிடுவார்கள்.

விளக்கு வயர் தப்பித்தது. சமையலறை வயர் 0.2 மெகாஓம். அதை வளைத்ததும் மேல் தோல் பழுப்புத் தூளாக உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரப்பர் வயர். பி.வி.சி. வருவதற்கு முன் இருந்த வகை. தோட்டத்தில் நாம் வெட்டிய ரப்பர்ப் பால்தான், ஆனாலும் வெப்பத்தில் வருடக் கணக்கில் இருந்தால் காய்ந்து உதிரும். தொடாமல் விட்டால் அப்படியே நிற்கும். பல்லி ஓடினாலோ, பலகை அசைந்தாலோ உதிர்ந்து லைவ் வெளியே தெரியும். சமையலறையை முழுதாக மாற்றுங்கள். தயங்க வேண்டாம்.

இன்னொன்று, லைவிலும் நியூட்ரலிலும் தனித்தனி ஃபியூஸ் இருக்கிறது என்று வயர்மேன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அது மோசம். நியூட்ரல் ஃபியூஸ் உருகினால் விளக்கு அணையும். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் பல்ப் மாட்டியைக் கழற்றுவார். லைவ் முழுசாக அங்கேயே இருக்கும். மிகப் பழைய வீடுகளில் இது உண்டு. புதுப் பெட்டியில் இந்தப் பிரச்சினை தானாகவே ஒழிந்துவிடும்.

நவம்பர் 2

தீபாவளி விளக்குச் சரம் பற்றி நிறையக் கேள்விகள். எல்.ஈ.டி. சரம் மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும், அதனால் வயர் சூடாகாது. ஆபத்து வேறு இடத்தில். ஈரமான முற்றத்தில் தரையில் கிடக்கும் நீட்டிப்பு வயரின் இணைப்பில் இருக்கிறது. அந்த இணைப்பைத் தரையிலிருந்து தூக்கி, கூரைக்கு உள்ளே வையுங்கள். முறுக்கு சுடும் அன்று ஒரே நீட்டிப்பில் மின் அடுப்பையும் கெட்டிலையும் செருகாதீர்கள். மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது சுமார் மூவாயிரம் வாட். இரண்டு கருவி சேர்ந்தால் தாண்டிவிடும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்ற தைரியத்தில் லைவையும் நியூட்ரலையும் இரண்டு கையாலும் பிடித்தால் அது காப்பாற்றாது. இரண்டு வயரிலும் ஓடுவது சமமாக இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்துங்கள். அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் விசை விழுகிறதா என்று மட்டும்தான் காட்டும், உங்கள் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று காட்டாது.

நவம்பர் 9

தம்பியின் புதுப் பெட்டி போட்டாயிற்று. எர்த் 64 ஓம் வந்தது, இது போதுமா என்று கேட்டிருக்கிறார். ஆர்.சி.சி.பி.க்குப் போதும். 100 மில்லிஆம்பியர் கசிந்தாலும் தகரத்தில் ஏறுவது 6.4 வோல்ட்தான். ஆனால் ஆர்.சி.சி.பி. ஒருநாள் கெட்டுப்போகலாம், மின்னல் தடுப்பானுக்கும் இது போதாது. 10 ஓமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். முதல் கம்பியிலிருந்து அதன் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் இரண்டாவதை அடித்து, இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் நீர் வழியும் பக்கம் மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே அடிப்பது நல்லது. கவ்வி மேலே தெரியும்படி சின்னதாகச் சிமெண்ட்டுக் குழி கட்டி மூடி போடுங்கள். மண்ணுக்குள் புதைத்துவிட்டால் என் அக்கா வீட்டுக் கதைதான்.

கழற்றிய பழைய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபியூஸ் பிடிக்குப் பின்னால் வெள்ளையாக, கம்பளி மாதிரி சின்னத் துண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தார்கள். இருந்தால் சுரண்ட வேண்டாம், உடைக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, இரும்புக் கடைக்குப் போகாமல் வயர்மேனிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கம்பி அடித்த பிறகு வரும் அளவை இங்கே எழுதுங்கள்.